கொங்காணிக் கணக்கு

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் கடையில் பழைய சாக்குக்குத்தான் கிராக்கி. கிழிசல் இல்லாத, எலி கடிக்காத, அடித்தையல் விடாத சாக்காக இருக்க வேண்டும். தானியம் கட்டவா, தலையில் போடவா என்று நாங்கள் கேட்பதே இல்லை. கேட்கிறவர் சாக்கை எப்படித் தூக்கிப் பார்க்கிறார் என்பதிலேயே தெரிந்துவிடும். தானியக்காரர் வாயை விரித்து உள்ளே பார்ப்பார். மலைக்குப் போகிறவர் அடிமூலை இரண்டையும் இழுத்துப் பார்ப்பார்.

கடை போடியில், வீடு ராசிங்காபுரத்தில். தாத்தா தொடங்கிய சாக்கு வியாபாரம், மூன்றாவது தலைமுறையாக என் கையில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். எங்கள் ஊர் மழை மறைவுப் பிரதேசம். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே பெய்து தீர்த்துவிட்டு, எங்களுக்குக் காற்றையும் சாரலையும்தான் அனுப்பும். எங்கள் மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆனாலும் ஆனியிலும் ஆடியிலும் மழைக்கு மறைப்பு விற்பது இந்தக் காய்ந்த ஊர்தான். ஏனென்றால் மழை மலையில், அதில் நனைகிற தலைகள் இங்கே. விடியுமுன் ஜீப்பில் ஏறி, முந்தல் தாண்டி, பதினேழு கொண்டையூசி வளைவு சுற்றிப் போடிமெட்டு போனால் அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி. காய்ந்த சேலையோடு வீட்டை விட்டவர்கள் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் கொட்டும் மழைக்குள் இறங்குகிறார்கள்.

குடை எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். ஏலச்செடியைப் பார்த்தவர் கேட்க மாட்டார். செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். காய் மட்டும் தூரில், தரையோடு படரும் சரத்தில் காய்க்கும். எடுப்பவர் தூருக்குத் தூர் குனியவேண்டும், இல்லை குத்துக்கால் போட்டு உட்காரவேண்டும். ஒரு கை தட்டையை ஒதுக்கும், மறு கை பழுத்த காயை மட்டும் பார்த்துக் கிள்ளும். பிஞ்சு விழுந்தால் ஏச்சு. இடுப்பில் கூடை. இந்த வேலையில் குடை பிடிக்க மூன்றாவது கை வேண்டும். விரித்த குடை இரண்டு வரிசைக்கு நடுவே நுழையவும் செய்யாது. ஆலப்புழைக் குடைக்கு எங்கள் பக்கம் நல்ல மரியாதை உண்டு. அந்த மரியாதை ஜீப் நிறுத்தத்தோடு சரி. "குடைய நான் புடிச்சா காய யாருய்யா புடுங்குவா, நீயா வருவ?" என்று எங்கள் அம்மாச்சி கேட்பாள்.

இன்னொன்றும் உண்டு. ஏலம் நிழலில் வளர்கிற பயிர். மேலே பெரிய மரங்கள். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள். ஏலக்காட்டில் தூவானமும் விட்ட பிறகு மரம் விடாது. வானம் வெளுத்து ஒரு மணி நேரம் ஆனாலும் இலையில் தேங்கியது சொட்டிக்கொண்டே இருக்கும். அதற்குப் போட்டியாக, ஒதுக்குகிற தட்டை ஒவ்வொன்றும் முகத்தில் ஒரு கை தண்ணீரை உதறும். ஆக அங்கே நனைவது என்பது மேலிருந்து மட்டும் வருகிற காரியம் அல்ல.

இந்த மலைக்கு நம் பக்கத்து ஆட்கள் போனது இன்று நேற்றல்ல. ஏலமலை திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தது. விளைந்த ஏலக்காய் முழுவதும் அரசுக்கே சொந்தம். பயிர் செய்தவர் காயை அரசிடம் ஒப்படைத்துத் தன் பங்கைப் பெறவேண்டும். இந்தத் தனியுரிமை 1896-இல் விலகி நிலத்தீர்வை வந்தது. அடுத்த வருடமே ஏலமலைக் காப்புக்காடு அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடிப் பக்கத்திலிருந்தும் பயிர்க்காரர்களும் கூலியாட்களும் மெட்டு மெட்டாக ஏறினார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வழி போடிமெட்டு, இன்னொரு வழி தேவாரத்துக்கு மேலே சாக்கலூத்து மெட்டு. இரண்டும் கால்நடைதான். காலையில் போய் மாலையில் திரும்புகிற பேச்சே கிடையாது. அரிசி, பருப்பு, கருவாடு, சட்டி எல்லாம் தலைச்சுமை. எடுப்பு முடியும்வரை மேலேயே குச்சு போட்டுத் தங்கவேண்டும். ஈத்தையும் புல்லும்தான் கூரை. பகலில் நனைந்ததை இரவில் அடுப்போரம் காயவைத்து, அரைகுறை ஈரத்தோடு காலையில் உடுத்துவார்கள்.

அந்தக் காலத்து மறைப்பு கம்பளி. குறும்பாட்டு மயிரில் நெய்த கறுப்புக் கம்பளி, சொரசொரவென்று கழுத்தை அறுக்கும். ஆட்டு மயிரில் இயற்கையாகவே பிசுக்கு உண்டு. தூறலை அது உதறிவிடும். நனைந்தால்கூடக் கொஞ்சம் சூடு நிற்கும். அந்த வகையில் மலைக்குளிருக்கு நல்லதுதான். பெருமழையில்தான் தொல்லை. ஊறிப்போனால் ஒரு ஆளைச் சுமப்பது போல் கனக்கும், காய நாளாகும், வீச்சம் வேறு. வால்பாறையிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்களில் கம்பளி கொடுப்பார்கள்; கொடுத்த கம்பளிக்குச் சம்பளத்தில் பிடித்தமும் செய்வார்கள். போர்த்துகிறபோது தோட்டத்துக் கம்பளி, கணக்கில் தொழிலாளி கடன்.

கம்பளியை ஓரங்கட்டியது சணல் சாக்கு. கல்கத்தாப் பக்கம் ரிஷ்ராவில் 1855-இல் முதல் சணல் ஆலை எழுந்தது. அங்கிருந்து அரிசியையும் சர்க்கரையையும் சுமந்து ஊர் ஊராகப் போன சாக்கு, காலியானதும் ஏழை வீட்டில் இன்னொரு வாழ்க்கையைத் தொடங்கியது. விரிப்பு, வாசல் மறைப்பு, மாட்டுக்குப் போர்வை, மழைக்குத் தலையில் மடித்துப் போடும் கொங்காணி. எங்கள் தாத்தா காலத்தில் இரண்டு முறை சாக்குக்குப் பஞ்சம் வந்தது. முதலாவது இரண்டாம் உலகப் போர். சணல் பைகளில் மண்ணை நிரப்பிப் போர்முனைக்கு அரண் கட்டினார்கள். அதே போர்க்காலத்தில், 1928-இல் போடிக்கு வந்த ரயிலின் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அது திரும்ப வர 1950கள் ஆயின. அடுத்தது பிரிவினை. சணல் விளைகிற நிலத்தில் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானுக்கும், ஆலைகள் இந்தியாவுக்கும் என்று ஆனது. டில்லியில் கோடு போட்டால் ராசிங்காபுரத்துக்காரி தலை நனையும் என்று தாத்தா சொல்வார். சாக்குக்காரன் பேச்சுதான், ஆனால் பொய்யில்லை.

அந்த நாள் நூறு கிலோச் சாக்குக்கு வியாபாரத்தில் பி-ட்வில் என்று பெயர். நீளம் 44 அங்குலம், அகலம் 26½ அங்குலம், எடை இரண்டே கால் ராத்தல், அதாவது கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆலைக்காரன் அரிசிக்கு அளந்த அளவு இது. ஆனால் குனிந்து உட்கார்ந்த பெண்ணுக்கு உச்சந்தலையில் தொடங்கிப் பின்புறம் மறைகிற வரைக்கும் அளந்து தைத்தது போல இருக்கும்.

கொங்காணி மடிக்க ஊசி, நூல், கத்தரி எதுவும் வேண்டாம். சாக்கின் வாய் கீழே, தைத்த அடிப்பக்கம் மேலே இருக்கும்படி பிடிக்கவேண்டும். மேலே இப்போது இரண்டு மூலைகள். ஒரு மூலையை உள்ளுக்குத் தள்ளி, மற்ற மூலைக்குள் போய்ப் பொருந்தும்வரை குத்தவேண்டும். சாக்கு பாதி அகலமாக மடங்கி, மேலே கூர்முனையும் முன்னால் திறப்புமாக நிற்கும். கூர்முனை தலையில், மடிப்பு பிடரி வழியாக முதுகெலும்பின் மேல் இறங்கும். எல்லா இடத்திலும் இரண்டு அடுக்குத் துணி. நிமிர்ந்து நிற்கும்போது இது வெறும் சாக்கு. குனிந்ததும் அந்த மடிப்பு முகடாகிவிடும்; தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடும். சணல் இழை ஈரத்தில் ஊதி இடைவெளியை அடைத்துக்கொள்வதால், முதல் நனைப்புக்குப் பிறகு ஒழுக்கு குறையும். முன்பக்கம் திறந்தே இருப்பதால் கைக்குத் தடையில்லை, உள்ளே வேர்வையும் தங்காது. வீட்டுக்குக் கூரை வேய்கிறவருக்குத் தெரிந்த விதியெல்லாம் இதில் இருக்கிறது. ஒரே குறை கனம். நனைந்தால் இரட்டிப்புக்கு மேல் போகும். மாலையில் கழுத்து கழன்று விழுகிற மாதிரி வலிக்கும் என்பாள் அம்மாச்சி.

குனிந்த முதுகுக்குக் கூரை என்பது நாம் மட்டும் கண்டுபிடித்த விஷயம் அல்ல. கர்நாடக மலைநாட்டில் நாற்று நடுகிற பெண்கள் இலையில் முடைந்த கொரபு கவிழ்த்துக்கொள்வார்கள். சராசரியாக ஆண்டுக்கு 11,800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற மேகாலயாவின் மௌசின்ராமில், காசி இனத்தவர் மூங்கிலிலும் இலையிலும் பின்னிய க்னூப்பைத் தலையிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை முதுகோடு சாத்திக்கொள்வார்கள். வடிவத்தில் எல்லாம் ஒரே இனம். ஒரு வித்தியாசம்தான் என் கண்ணுக்குப் படுகிறது. கொரபும் க்னூப்பும் மழைக்கென்றே ஒருவர் உட்கார்ந்து முடைந்தவை. எங்கள் கொங்காணியோ அரிசி நனையாமல் இருக்கச் செய்தது. அரிசி இறங்கிய பிறகு ஆளுக்கு வந்தது. கம்பளிக்குப் பிறகு ஏலமலையில் கூலியாள் போட்டுக்கொண்ட மறைப்பு பெரும்பாலும் வேறொரு சரக்கின் உறையாக இருந்து கழிந்ததுதான். இந்தக் கடையில் உட்கார்ந்து நான் பார்த்த சரித்திரம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

பிறகு உரம் வந்தது. யூரியாச் சாக்குக்குள் இருந்த பாலிதீன் உள்பைக்கு எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருந்த மதிப்பை இப்போது சொன்னால் நம்ப மாட்டார்கள். தோட்டத்தில் உரம் வைக்கிற நாளில் உள்பை யாருக்கு என்று சண்டையே வரும். கழுவி, ஒரு பக்கம் கிழித்து, அதே கொங்காணி மடிப்பு. கனம் கிடையாது, சொட்டு இறங்காது. ஆனால் காற்றும் இறங்காது. மேட்டில் ஏறி இறங்கி வேலை செய்கிற உடம்பு, வெளியே மழையில் நனையாமல் உள்ளே வேர்வையில் நனையும். அதனால் பலர் உள்ளே சாக்கு, வெளியே பாலிதீன் என்று இரண்டையும் போட்டார்கள். சாக்கு வேர்வையை வாங்கிக்கொள்ளும், பாலிதீன் மழையை வழித்துவிடும். இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

நடுவில் மூட்டையே சுருங்கியது. சுமைக்காரர் முதுகை எண்ணி நூறு கிலோவை ஐம்பதாக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் சாக்கு 112 சென்டிமீட்டரிலிருந்து 94 ஆனது, அகலம் 67½-லிருந்து 57 ஆனது. சுமைக்காரர் முதுகு பிழைத்தது, காய் எடுக்கிறவர் இடுப்பு நனைந்தது. பெரிய சாக்கு இல்லையா என்று கேட்டுத் திரும்பிப் போன பெண்களை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர்களுக்காகத்தான் அப்பா பிளாஸ்டிக் படுதாவை மீட்டர் கணக்கில் வெட்டி விற்க ஆரம்பித்தார். அதற்குப் பின் ஃபிளெக்ஸ் பேனர் யுகம். தேர்தல் முடிந்த வாரம் ஏலக்காட்டில் எல்லாக் கட்சித் தலைவர்களும் கைகூப்பியபடி வரிசையாகக் குனிந்து காய் எடுப்பார்கள். கனமான சரக்கு, சீக்கிரம் கிழியாது. வாக்குறுதியைவிட அது நாள்பட உழைத்தது.

இதுவரை சொன்னது பெரியவர்களுக்கு. கைக்குழந்தையை என்ன செய்வது? மேலேயே தங்கி வேலை செய்த காலத்தில் குழந்தையும் கூடவே வரும். தூரில் கிடத்த முடியாது: அட்டை ஏறும், ஈரம் இறங்கும். இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டிப் பழைய சேலையில் தொட்டில். அதற்கு மேலே ஒரு கூரை வேண்டும். அம்மாச்சி கட்டுகிற முறையை நான் நின்று பார்த்திருக்கிறேன்.

தொட்டில் கயிற்றுக்கு மேலே, ஒரு முழம் தள்ளி, இன்னொரு கயிறு விறைப்பாக இழுப்பாள். படுதாவை அதன் மேல் போட்டு, நடுமடிப்பு கயிற்றில் உட்காரும்படி சரிசெய்வாள். நான்கு மூலைக்கும் கயிறு. ஓட்டை போட்டுக் கட்டினால் காற்றில் கிழியும் என்று மூலையில் ஒரு சின்னக் கல்லை வைத்துப் படுதாவோடு சேர்த்துச் சுருக்குப் போடுவாள். எந்தக் காற்றுக்கும் அது நழுவாது. மேல்காற்று வருகிற பக்கத்தை முட்டிக்குக் கீழே தாழ்த்தி இழுப்பாள், எதிர்ப்பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், தாய் எட்டிப் பார்க்க. தொங்கலாக விட்டால் நடுவில் தண்ணீர் குளம் கட்டும். தட்டிப் பார்த்தால் மேளம் மாதிரிச் சத்தம் வரவேண்டும்.

இவ்வளவு செய்தும் குழந்தை நனையும், ஒரு விஷயத்தை விட்டால். மரத்தில் வழிகிற தண்ணீர் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து, நேராகச் சேலைக்குள் இறங்கிவிடும். கூரை எவ்வளவு பெரிதானாலும் இதைத் தடுக்காது. படுதாவின் ஓரத்துக்கு உள்ளே, சேலை தொடங்குவதற்கு முன்னால், கயிற்றில் ஒரு கந்தல் துணியை முடிந்து வால் மாதிரித் தொங்கவிடுவாள். ஊர்ந்து வந்த தண்ணீர் அந்த வாலில் இறங்கித் தரையில் சொட்டிவிடும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு வால். அட்டைக்கு அதே கயிற்றில், மரத்தை ஒட்டி, புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்த பூச்சு.

இப்போது சூரியநெல்லி, கொளுக்குமலைப் பக்கம் போகிற நகரத்துப் பிள்ளைகள் கடைக்கு வந்து, மரத்துக்கு மரம் கட்டித் தூங்குகிற ஊஞ்சல் படுக்கைக்கு மேலே போட தார்ப்பாய் கேட்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பட்டாளத்துக்கு, கூரையும் கொசுவலையும் சேர்த்துத் தைத்த காட்டு ஊஞ்சலே கொடுத்தார்களாம்; அந்த வம்சம் இது. முகட்டுக் கயிறு, காற்றுப் பக்கத் தாழ்ப்பு, சொட்டு வால் எல்லாம் அவர்களுக்கும் தேவைப்படுகிறது. நான் சொல்லிக் கொடுக்கிறேன். தொட்டிலுக்குக் கட்டியது என்று சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் குறித்துக்கொள்கிறார்கள்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொன்னது? சொல்லாமல் இல்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 12-ஆம் பிரிவில் குழந்தைக் காப்பகம் பற்றிப் பேசியது. 17-ஆம் பிரிவு இன்னும் நேரடி: மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளியே தரும்படி மாநில அரசு விதி செய்யலாம் என்றது. ஆனால் சட்டம் பெயர் சொன்ன பயிர்கள் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா. ஏலக்காயின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறியது 1981 திருத்தத்தில்தான். ஏறியபோதும் ஐந்து ஹெக்டேரும் பதினைந்து ஆளும் இருக்கவேண்டும் என்ற அளவுகோல் நின்றது. ஏலமலையிலோ சின்னத் தோட்டங்கள் ஏராளம். இதற்கு மேல் 1956 நவம்பர் 1-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போன பிறகும், வேலை ஒரு மாநிலத்தில், வீடு ஒரு மாநிலத்தில் என்பதே நிலைத்தது. இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம் என்று ஜீப் இறக்கிவிடுகிற இடத்தில் வேலை செய்கிற பெண் யாரிடம் போய் மழைக்கோட்டு கேட்பாள்?

அதே காட்டில் ஏலக்காய் மட்டும் நனைய விடப்படுவதில்லை. எடுத்த பச்சைக்காய் அன்றே ஸ்டோருக்குப் போகிறது. ஐம்பது டிகிரிச் சூட்டில், ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க, ஈரம் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு என்று இறங்கும்வரை உலர்த்துகிறார்கள். ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்ந்த காய் ஆகும். பிறகு பாலிதீன் உள்ளுறை, அதற்கு மேல் சாக்கு. புற்றடிக்கோ போடிக்கோ ஏலத்துக்குப் பயணம். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த ஒரு கிலோவின் விலைக்குப் பல ஆளுக்கு நல்ல மழைக்கோட்டு எடுக்கலாம் என்பதற்குக் கால்குலேட்டர் தேவையில்லை.

எங்கள் பக்கம் நல்ல மழைக்கோட்டு விற்காமல் இல்லை. தொப்பி வைத்தது, கால்சட்டையோடு வருவது என்று எல்லாம் தொங்குகிறது. இளம் பெண்கள் சிலர் வாங்கவும் செய்கிறார்கள். அதைத் தைப்பவரிடம் நான் கேட்பது இரண்டே மாற்றம்: முன்பக்கம் திறப்பு, முதுகுக்குக் கீழே நீளம். குனிந்து பார்க்காமல் தைத்த கோட்டு குனிந்து வேலை செய்கிறவருக்கு உதவாது. தோட்டக்காரர் எவராவது ஆளுக்கு ஒன்று என்று எண்ணி மொத்தமாகக் கேட்டு வந்தால் அளவெடுத்துத் தைத்து, மொத்த விலைக்கே தரத் தயாராக இருக்கிறேன். இந்த ஆனி வரைக்கும் எங்கள் கடையில் மழைச்சரக்கு சில்லறையாகத்தான் போகிறது, வாங்குகிறவரின் சொந்தக் கூலிக்காசில்.